டால்ஸ்டாயின் துறவும் சோபியாவின் உழைப்பும்

டால்ஸ்டாய் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது வெண்தாடியும் குடியானவர் அங்கியும்தான். காந்தியடிகள் 1910-ல் தென்னாப்பிரிக்காவில் அமைத்த பண்ணைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தமிழ்ச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன. அந்த மரியாதை அவருக்குத் தகும். ஆனால் இந்தப் பூஜையில் ஒருவர் விடுபட்டுப் போகிறார்.

1828-ல் பிரபு குடும்பத்தில் பிறந்த டால்ஸ்டாய், படிப்பைப் பாதியில் விட்டு, காகசஸ் மலைப் பகுதியில் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறந்த வீட்டை விற்ற பணத்தையும் சீட்டாட்டத்தில் தொலைத்த ஆசாமி! செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக நின்று, கண்ட சாவுகளைப் பூசி மெழுகாமல் எழுதினார். 1856-ல் ராணுவத்தை விட்டார்.

1862-ல், 34 வயதில், டாக்டர் ஒருவரின் மகளான சோபியாவை மணந்தார். பெண்ணுக்கு வயது 18. டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் 'போரும் வாழ்வும்' என்று தந்த மாபெரும் நாவலை, அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்தைப் படித்துப் படித்து, பலமுறை நகல் எடுத்தவர் இந்த சோபியா. டைப் மெஷின் இல்லாத காலம். குழந்தைகள் உறங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை. நாளெல்லாம் நகல் எடுக்கும் குமாஸ்தாவுக்கு இதன் பாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெற்ற பிள்ளைகள் 13. ஐவரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்.

1881-க்குப் பின் வெளியான தம் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று 1891-ல் டால்ஸ்டாய் அறிவித்தார். உலகம் கைதட்டியது. பிள்ளைகளுக்கு என்ன வழி என்று சோபியா கேட்டார். பேராசைக்காரி என்று பெயர் வாங்கினார். சம்பளத் தேதியை எண்ணிக் குடும்பம் நடத்துகிறவர்கள் அந்தக் கேள்வியைப் பேராசை என்பார்களா? அதே 1891-ல் பஞ்சம் வந்தபோது பத்திரிகையில் வேண்டுகோள் எழுதி, கணவரின் கஞ்சித்தொட்டிகளுக்கு நிதி திரட்டியவரும் இந்தப் 'பேராசைக்காரி'தான்.

சோபியா சாது என்று சொல்வதற்கில்லை. இரவில் கணவரின் காகிதங்களைத் துழாவினார். தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டினார். ஆனால் அவருக்குத் தெரியாமல் 1910-ல் உயில் எழுதியது நியாயமாகுமா?

அதே ஆண்டு, 82 வயதில், விடியுமுன் டால்ஸ்டாய் வீட்டைவிட்டு வெளியேறினார். ரயிலில் காய்ச்சல் கண்டு, அஸ்தபோவோ என்ற சிறு நிலையத்தில் இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுத்தார். தனி ரயில் பிடித்து வந்த சோபியாவை உள்ளே விடவில்லை. குளிரில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி நின்றார். கணவருக்கு நினைவு தப்பிய பிறகே கதவு திறந்தது.