குழந்தையின் மூச்சும் மந்திரித்த கயிறும்

நாகமலை புதுக்கோட்டையிலாகட்டும், மதுரை டவுனிலாகட்டும், நடுநிசியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தமிட்டால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? "காற்றுக் கருப்புப் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "தொக்கம் எடுக்கவேண்டும்" என்பார் மற்றொருவர். விடிவதற்குள் மந்திரித்த கயிறு கழுத்தில் ஏறிவிடும். விடிந்ததும் மூச்சு சற்று எளிதாகும். உடனே கயிற்றுக்குப் பெருமை!

கயிற்றுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கின்றோம். டாக்டர்கள் இதைக் குரூப் என்கிறார்கள். பெரும்பாலும் பாராஇன்ஃபுளுயன்ஸா என்னும் வைரஸ் கிருமியால் குரல்வளையும் அதன் கீழுள்ள மூச்சுக்குழலும் வீங்குவதே நோய். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் மிகக் குறுகலானபடியால் சிறு வீக்கமும் பெருந்தடையாகிறது. இரவில் அதிகப்படுவதும், பகலில் தணிவதும், மறு இரவு திரும்புவதும், அநேகமாய் 3 நாளில் அடங்குவதும் இந்நோயின் இயற்கை. அடங்கினால் மந்திர மகிமை. அடங்காமல் குழந்தை மாண்டால் தலைவிதி! நஷ்டமே இல்லாத இந்த வியாபாரத்திற்கு நம் குழந்தையா முதல்?

தொக்கமோ இன்னும் கொடுமை. வாயைத் திறந்து குடைந்தால் குழந்தை அலறும். அலற அலற மூச்சுத் திணறும்.

1807-இல் நெப்போலியனின் தம்பி மகன் குரூப் நோயால் இறந்ததாகச் சொன்னார்கள். அந்தச் சக்கரவர்த்தி தலையெழுத்தென்று சும்மா இராமல், நோயை ஆராய்ந்து எழுதுவோர்க்குப் பரிசு வைத்தான். அக்காலத்தில் தொண்டை அடைப்பானையும் இதையும் ஒன்றென்றே பலர் எண்ணினர். ஆராய்ச்சி இரண்டையும் பிரித்தறிந்தது. தொண்டை அடைப்பானுக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசாங்கம் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. குரூப்புக்கு, டாக்டர் எடைபார்த்துக் கொடுக்கும் டெக்ஸாமெத்தஸோன் ஒரே வேளையில், சில மணி நேரத்திற்குள் வீக்கத்தைத் தணிக்கிறது.

வீட்டில் செய்யவேண்டியது சொற்பமே. தாயோ தகப்பனோ பதறாமல் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அழவிடாமல் தேற்றவேண்டும். தாய்ப்பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாய்க் கொடுக்கலாம். கொதிநீர் ஆவியால் பலனுண்டென்று நிரூபணமில்லை, சுட்டுவிடும் ஆபத்துண்டு. கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். இருமல் மட்டுமே என்றாலும் விடிந்ததும் டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஆனால் அழாமல் இருக்கும்போதே கீச்சொலி கேட்டாலும், தொண்டைக்குழியும் விலாவும் உள்வாங்கினாலும், உதடு நீலித்தாலும், விழுங்கமுடியாமல் எச்சில் ஒழுகினாலும், குழந்தை துவண்டாலும் விடியட்டுமென்று காத்திருக்கலாகாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரை அரசினர் இராஜாஜி ஆஸ்பத்திரி இரவிலும் திறந்திருக்கிறது.

கயிறு தேடி அலையும் ஒவ்வொரு நிமிஷமும் குழந்தையின் மூச்சிலிருந்து திருடிய நிமிஷமென்பதைப் பெற்றோர்கள் சிந்தித்துப் பார்க்கவேண்டுகிறோம்.