கேட்காமல் ஏற்றிய 'செயற்கை இரத்தம்'



விபத்தில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறார் ஒருவர். அவரையும் கேட்காமல், அவர் குடும்பத்தாரையும் கேட்காமல், அரசு இன்னும் அனுமதிக்காத ஒரு மருந்தை அவர் உடலில் ஏற்றிச் சோதித்துப் பார்க்கலாமா? 'கூடவே கூடாது' என்பீர்கள். மனித உரிமை பற்றி உலகுக்கே பாடம் நடத்தும் அமெரிக்காவில் இது சட்டப்படியே நடந்தது.

நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம். அதைச் சிவப்பணுவிலிருந்து பிரித்து, பதப்படுத்திப் பையில் அடைத்தால் எந்த இரத்தப் பிரிவினருக்கும் ஏற்றலாம் என்பது திட்டம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அணுவை விட்டு வெளியே வந்த ஹீமோகுளோபின், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடித்து விழுங்கிவிடுகிறது. குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் பாதிக்கப்படுகிறது.

அவசரச் சிகிச்சை ஆய்வுகளில் நோயாளியின் சம்மதம் இல்லாமலே சோதிக்க 1996ல் அங்கே விதி வந்தது. பாக்ஸ்டர் நிறுவனத்தின் 'ஹெம்அசிஸ்ட்' இவ்வாறு சோதிக்கப்பட்டது. அது ஏற்றப்பட்ட 52 பேரில் 24 பேர் இறந்தனர். ஏற்றப்படாத 46 பேரில் இறந்தவர்கள் 8 பேர்! 1998ல் சோதனை நிறுத்தப்பட்டது.

அத்தோடு விட்டார்களா? இல்லை. 2003ல் நார்த்ஃபீல்டு நிறுவனத்தின் 'பாலிஹீம்' வந்தது. சுமார் 720 பேரிடம் சோதனை. வேண்டாதவர்கள் முன்கூட்டியே கையில் நீல வளையம் அணிந்துகொள்ள வேண்டுமாம்! எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்?

'மயங்கிக் கிடப்பவரிடம் எப்படிக் கேட்பது?' என்கிறார்கள். இரத்தம் கிடைக்காத நடுச்சாலையில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் அசல் இரத்தம் தயாராக இருக்கும் மருத்துவமனைக்குள் வந்த பிறகும் 12 மணி நேரம் வரை பாலிஹீமையே ஏற்றினார்களே, அது என்ன நியாயம்?

இத்தகைய ஐந்து தயாரிப்புகளின் 16 சோதனைகளை 2008ல் ஆராய்ந்தனர். மரண அபாயம் 30 சதவிகிதம் கூடுதல். மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. பாதகமான முடிவுகளை உடனுக்குடன் வெளியிட்டிருந்தால் பிந்தைய சோதனைகள் பல நடந்தே இருக்காது. 2009ல் பாலிஹீமுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

வியாபாரிகளே! சரக்கில் உள்ள குறையை வாங்குபவரிடம் மறைப்பவரை நேர்மையானவர் என்போமா? பண நஷ்டத்துக்கே இந்த நியாயம் என்றால், உயிருக்கு?

ஆய்வு நடக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்டுச் செய்யட்டும், முடிவை மறைக்காமல் சொல்லட்டும்.

இளைஞர்களே! ஹெம்அசிஸ்ட், பாலிஹீம் இரண்டும் மனித இரத்தத்திலிருந்தே தயாரானவை. ஆலை எதுவும் இன்னும் நம் இரத்தத்துக்கு ஈடு செய்துவிடவில்லை. சேமித்த சிவப்பணுக்கள் ஆறு வாரம்தான் தாங்கும். ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். மனமுவந்து கொடுக்கும் அந்த ஒரு பைக்கு நிகரான மருந்து இன்று வரை இல்லை. நீங்கள் கடைசியாகக் கொடுத்தது எப்போது?