குட்டிக்கும் நிறம் பார்க்கலாமா?

எங்கள் வீடு திருவொற்றியூரில், பழைய காலத்து ஓட்டு வீடு. பின்பக்கம் கொஞ்சம் காலி இடம் உண்டு. என் கணவருக்கு மணலி பக்கம் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு. போன வருஷம் ஒரு ராத்திரி பின்பக்கத்துத் தண்ணி மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் பிள்ளைகளும் அத்தையும் உள்ளேதான் தூங்கிக்கொண்டிருந்தோம். அன்றைக்கே முடிவு செய்தோம், நாய் வளர்ப்பது என்று.

"வாங்கினா ராஜபாளையம்தான் வாங்கணும்" என்றான் என் மகன். நம்ம ஊர் நாய், நம்ம வெயிலைத் தாங்கும். 2005ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த இனம். 2020ல் பிரதமர் வானொலிப் பேச்சில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது இதன் பெயரையும் சொன்னார். முன்பு சைதாப்பேட்டையில் அரசாங்கமே நாட்டு நாய்க்குட்டிகளை வளர்த்து விற்றது. அந்த மையத்தை மூடச் சொல்லி 2016ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. அதனால் விசாரித்து, செங்குன்றம் தாண்டி ஒருவரிடம் போனோம்.

ஆறு குட்டிகள். ஐந்து பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. ஒன்றுக்கு மட்டும் இடது காதும் கண்ணைச் சுற்றிய இடமும் கறுப்பு. வால் நுனியும் லேசாக மடிந்திருந்தது. அது என் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலால் மெள்ளத் தள்ளிவிட்டு, "இது ஏன் சார் இப்படி இருக்கு? நல்லதா காட்டுங்க" என்றேன்.

"அது கழிவும்மா. மூஞ்சியிலே கறை விழுந்துடுச்சு, யாரும் எடுக்க மாட்டாங்க. வெள்ளை 12 ஆயிரம். இது வேணும்னா ரெண்டாயிரம் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போங்க" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பிறக்கும்போதே அவள் கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மச்சம். "பொண்ணாப் போச்சே, எப்படிக் கட்டிக் குடுக்கப் போற?" என்று கேட்காத உறவினர் கிடையாது. அவர்கள் பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே நான்தான் ஒரு வாயில்லா ஜீவனைப் பார்த்து "நல்லதா காட்டுங்க" என்று கேட்டேன்! மகள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அந்தக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு தகரத் தட்டு கீழே விழுந்தது. குட்டிகள் எல்லாம் துள்ளி ஓடின. நாங்கள் எடுக்கலாம் என்று நினைத்திருந்த வெள்ளைக் குட்டி மட்டும் அசையாமல் தூங்கியது. "நல்ல தூக்கம்" என்று சிரித்தார் அவர்.

மகள் மடியில் இருந்ததையே வாங்கி வந்தோம். மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். தட்டு விழுந்த கதையைச் சொன்னதும் டாக்டரம்மா முகம் மாறியது. "அந்தக் குட்டிக்குக் காது கேட்காமல் இருக்கலாம்" என்றார். முழு வெள்ளை நாய்களில் இந்தக் குறை அதிகமாம். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் காதின் உள்ளேயும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடுமாம். டால்மேஷன் நாய்க்கும் இதே தொல்லை உண்டாம். சுத்த வெள்ளை ஜோடிக்கும் கறுப்புத் திட்டோடு குட்டி பிறக்கும். திட்டு விழுந்ததால் அது மட்டமான குட்டி ஆகிவிடாது என்றார். நாம் 12 ஆயிரம் கொடுத்து எதைத் தேடுகிறோமோ அதிலேதான் வியாதி ஒளிந்திருக்கிறது. எதைக் கழிவு என்கிறோமோ அது நன்றாகக் காது கேட்டுக் குரைக்கிறது!

எதிர் வீட்டு அக்கா கேட்டார்: "காசு குடுத்து யாராவது குறையுள்ளதை வாங்குவாங்களா?" நியாயமான கேள்விதான். நாய்க் கண்காட்சிக்குக் கொண்டு போகிறவர்களுக்கு நிறமும் வாலும் முக்கியம்; அங்கே மதிப்பெண் குறைப்பார்கள். வீட்டுக் காவலுக்கும் பிள்ளைகளோடு விளையாடவும் வாங்குகிற நமக்கு அது எதற்கு? அழகுக் குறை வேறு, உடம்புக் குறை வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஏமாறுகிறோம்.

குட்டி வாங்கப் போகும் சகோதரிகள் இவற்றைக் கவனியுங்கள். முதலில் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது எலும்பும் தோலுமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது. வயிறு மட்டும் உப்பியிருந்தால் பூச்சி இருக்கும். தொப்புளில் புடைப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். நடக்கவிட்டுப் பாருங்கள். திட்டு, மடிந்த வால், மூக்கின் நிறம் இவற்றுக்காக ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று. 2017ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது; நாய் வளர்த்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் நாங்கள் 40 நாள் குட்டியைத் தூக்கி வந்து டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினோம். அவ்வளவு சீக்கிரம் தாயைப் பிரிந்தால் குட்டி பயந்த சுபாவமாகிவிடுமாம். தடுப்பூசிகளை டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல் போடுங்கள். மாநகராட்சியில் உரிமமும் எடுத்துவிடுங்கள். ராஜபாளையத்துக்கு ஓட இடம் வேண்டும், அந்நியரைச் சேர்க்காது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

காது கேட்காத குட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கை ஜாடையிலேயே பழக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா? எங்களிடம் மறைத்த மாதிரி வேறு யாரிடமோ மறைத்து அதை விற்றிருப்பார். "கூப்பிட்டா வர மாட்டேங்குது, திமிர் புடிச்ச நாய்" என்று அந்த வீட்டில் அடிப்பார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அன்றே வாய் திறந்து கேட்காமல் வந்தது என் தப்பு.

எங்கள் குட்டியை முதன்முதலில் பார்த்த அத்தை, "கறையாவது ஒண்ணாவது! கண்ணு படாம இருக்க ஆண்டவன் வெச்ச திருஷ்டிப் பொட்டுடீ இது" என்றார். அதனால் அதன் பெயரே பொட்டு ஆகிவிட்டது. இப்போது எட்டு மாதம். ராத்திரி எண்ணூர் ரோட்டில் எத்தனை கன்டெய்னர் லாரி போனாலும் கண்டுகொள்ளாது. பின்பக்கச் சுவரில் பூனை ஏறினால் தெருவையே எழுப்பிவிடும்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் வழக்கம் போல ஒரு பெரியம்மா என் மகளின் கன்னத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுல ரெண்டு பேருக்குத் திருஷ்டிப் பொட்டு இருக்கு பெரியம்மா."

— ஒரு வாசகி, திருவொற்றியூர்