குளிரில் மட்டும் சிந்திப்போர்

1864-இல் சிம்லாவை இந்திய அரசின் கோடைத் தலைநகராக்க முனைந்த வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் இலண்டனுக்குச் சொன்ன காரணம் எளியது. கல்கத்தாவில் ஐந்து நாள்களில் முடியும் வேலையைவிடக் கூடுதலான வேலை மலையில் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் அவர். கணக்கு ஏற்கப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் ஆயிரம் மைலுக்கும் அப்பாலிருந்து மலையேறுவது அரசின் வழக்கமாயிற்று. லாரன்ஸின் பேரரசு போய்விட்டது; அவருடைய கணக்கு போகவில்லை. இன்று அதை மனமார நம்புகிறவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமே. மே மாதத்தில் மலை நகரமொன்றில் பயிலரங்கு கூட்டுவோரின் அழைப்பு மடல்களில் 'சிந்தனைக்கு உகந்த சூழல்' என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அந்தச் சூழலை யார் சுமந்து மேலே கொண்டுவருகிறார்கள் என்ற கேள்வி அம்மடல்களில் இடம்பெறுவதில்லை. பயிலரங்கின் பொருள் 'காலநிலை நீதி' என்றிருந்தாலும் நிலைமை இதுவே.

சுமத்தல் என்பது இங்கு உருவகம் அன்று. கல்கா–சிம்லா ரயில் பாதை திறக்கப்பட்டது 1903-இல். அதற்கு முன்பும், பாதை எட்டாத இடங்களில் அதற்குப் பின்பும், மேசை, நாற்காலி, பியானோ, மது, கோப்பு ஆகிய அனைத்தும் மனித முதுகில் ஏறியே சென்றன. 1815-இல் கூர்க்கர்களை விரட்டியபின் மலைச் சிற்றரசர்களுக்குக் கும்பினி வழங்கிய சாசனங்களில், இத்தனை ஆள்களைக் கூலியின்றி அனுப்ப வேண்டும் என்ற கடப்பாடும் எழுதப்பட்டிருந்தது. அங்கு அதன் பெயர் 'பேகார்'. தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கிணையான சொல் 'வெட்டி'. ஊதியமற்ற கட்டாய உழைப்பைக் குறித்த அச்சொல் இன்று பயனற்ற வேலையைக் குறிப்பதாக மாறிவிட்டது. உழைத்தவர்களின் நினைவு மொழியிலிருந்தும் எப்படி நழுவுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பேகாரை எதிர்த்த போராட்டம் கோட்கட் பகுதியில் 1921-இல் வெற்றி கண்டது. அதன் முன்னணியில் நின்றவர் அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே வேர்விட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், பிற்காலத்துச் சத்தியானந்த ஸ்டோக்ஸ். இமாசல ஆப்பிளின் தந்தையாக அவரை அறிந்தவர்கள் பலர். அறுவடைக் காலத்தில் வயலை விட்டுவிட்டுத் துரைமாரின் மூட்டையைத் தூக்க வேண்டியிருந்த உழவர்களுக்காக அவர் வாதாடியதை அறிந்தவர்கள் சிலரே. சிம்லாவைப் பற்றிய பயணக் கட்டுரைகளில் ஆப்பிள் உண்டு, மூட்டை இல்லை.

குளிரில் தெளிவாகச் சிந்திக்கலாம் என்ற வாதத்துக்குத் தமிழ் வரலாற்றிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. 1877-ஆம் ஆண்டுக் கோடையில், தாது வருடப் பஞ்சத்தால் சென்னை மாகாணத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்தபோது, லிட்டனின் அரசு சிம்லாவில் வீற்றிருந்தது. நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவதே அதன் பெருங்கவலை. வைஸ்ராய் தென்னாட்டுக்கு இறங்கிவந்தது ஆகஸ்டு மாதத்தில்தான். தேவதாருக் காற்று சிந்தனையைத் தெளிவித்திருக்கலாம். பட்டினியைக் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் வைத்ததும் அதே காற்றுதான். இதே லிட்டன், தாம் தங்கிய பீட்டர்ஹாஃப் மாளிகை தமது தகுதிக்குப் போதவில்லை என்று குறைபட்டவர். அக்குறையைத் தீர்த்த வைஸ்ராய் மாளிகை 1888-இல் எழுந்தது. அதை வடிவமைத்த ஹென்றி இர்வினின் கைவண்ணம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் காணக்கிடைக்கிறது. 1965 முதல் அம்மாளிகையில் இயங்குவது இந்திய உயர் ஆய்வு நிறுவனம். ஆக, ஆய்வுலகம் அந்த மலையில் வெறும் விருந்தாளி அன்று, வாரிசும்கூட.

நிகழ்காலம் இதைவிட மேம்பட்டதன்று. சில பத்தாயிரம் பேருக்கென வளர்ந்த ஊரில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,70,000 பேர் வாழ்கிறார்கள். நகரம் முகட்டில், நீர் பள்ளத்தாக்கில். குடிநீர் மின்விசையால் மேலேற்றப்படுகிறது. நீராதாரங்களில் ஒன்றான அஸ்வனி ஓடையில் சரியாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கலந்ததால் 2015–16 குளிர்காலத்தில் மஞ்சள் காமாலை பரவியது; அந்த ஓடையிலிருந்து நீரெடுப்பது நிறுத்தப்பட்டது. 2018 மே இறுதியில் நிலைமை முற்றியது. நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் தேவைப்பட்ட ஊருக்கு ஏறத்தாழ அதில் பாதியே கிடைத்தது. பெண்கள் நள்ளிரவில் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். ஆளுநரும் முதல்வரும் தவிர அமைச்சர், நீதிபதி உட்பட எவர் வீட்டுக்கும் தனியே லாரித் தண்ணீர் அனுப்பக் கூடாது என்று உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகள் ஒரு வாரம் மூடப்பட்டன. அதாவது, சமவெளிப் பிள்ளைகள் விடுமுறையைக் கழிக்க வரும் ஊரில், அவ்வூர்ப் பிள்ளைகள் தண்ணீரின்றிப் படிப்பை இழந்தார்கள்.

சுற்றுலா நின்றால் விடுதிப் பணியாளரும் வாடகைக் கார் ஓட்டுநரும் என்ன செய்வார்கள் என்று உடனே கேட்கப்படும். நியாயமான கேள்வி, ஆனால் அதைக் கேட்போர் பெரும்பாலும் பணியாளர்கள் அல்லர். 2018-இல் 'தயவுசெய்து வராதீர்கள்' என்று சமூக ஊடகங்களில் மன்றாடியவர்கள் அவ்வூர்வாசிகளே. வேறொரு வாதம் இதைவிட வலுவானது: வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட மால் சாலையில் இன்று சாதாரண இந்தியக் குடும்பங்கள் உலவுவது சனநாயகமன்றோ? ஆம், சனநாயகமே. ஓராண்டுச் சேமிப்பில் பிள்ளைகளுக்குப் பனிமலையைக் காட்ட வரும் எழுத்தரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே மால் சாலையில், வாகனம் நுழையாததால், எரிவாயு உருளையையும் குளிர்பதனப் பெட்டியையும் முதுகில் கட்டிக்கொண்டு காஷ்மீரத்துச் சுமைக்கூலிகள் இன்றும் ஏறுகிறார்கள். கூலி உண்டு என்பதே பேகாருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று, போதுமான வேறுபாடுமன்று. அரசு நிதியில் பயணப்படியோடு வந்து, மாலையில் அந்த முதுகுகளைப் படமெடுத்து, காலையில் 'விளிம்புநிலை உழைப்பு' பற்றிக் கட்டுரை வாசிப்போரை அந்த எழுத்தரோடு ஒரே தட்டில் வைக்க இயலாது.

2023 ஆகஸ்டு 14 அன்று சம்மர் ஹில்லில் மண் சரிந்து சிவன் கோயிலைப் புதைத்தது. 20 பேர் மாண்டனர். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான ரயில் பாதை அடிமண் இழந்து அந்தரத்தில் தொங்கியது. அப்படத்தைப் பகிர்ந்து இரங்கிய ஆய்வாளர்கள் பலர். சம்மர் ஹில் இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகம் அமைந்த குன்று. அங்கு ஆசிரியரும் மாணவரும் குளிரிலும் மழையிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் ஆண்டு முழுதும் சிந்திக்கிறார்கள். சமவெளியிலிருந்து கோடையில் கூடும் அரங்குகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வரவேற்புரையும் நன்றியுரையும்.

மலையில் ஒன்றுகூடத்தான் வேண்டுமென்றால் அதற்கு மே மாதம் எந்த வகையிலும் கட்டாயமன்று. பருவமழை ஓய்ந்து ஓடைகளில் நீர் இருக்கும் அக்டோபரில் கூட்டலாம். விடுதிப் பணியாளருக்கும் ஆளற்ற பருவத்தில் வருமானம் கிட்டும். அடுத்த கோடைக்கான முன்மொழிவுகள் துறைத்தலைவர்களின் மேசைகளில் உள்ளன. மாதத்தின் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுவதற்கு எந்த நிதிக்குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை.