ஊர்ப் பாத்திரத்தோடு ஒரு தோசைக்கல்

எங்கள் ஊர் அம்மன் கோயில் பாத்திர அறையில் என்னென்ன கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பித்தளை அண்டா நான்கு, அலுமினிய அண்டா ஆறு, வாளி, அகப்பை, சாதம் கொட்டும் ஓலைப்பாய், பந்திக்கு விரிக்கும் ஜமுக்காளம். ஒவ்வொரு பாத்திரத்திலும் உபயம் செய்தவர் பெயர் வெட்டியிருக்கும். கொடைக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இந்த அறை திறக்கும். எத்தனை பேர் வந்தாலும் சோறாக்கிப் போடலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்புவரை அங்கே ஒரு தோசைக்கல் கிடையாது. இப்போது இருக்கிறது. எல்லா ஊரிலும் இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் அது. அடுத்த இரண்டு வருஷத்தில் நான் சேர்ந்தேன். 31 வருஷம் அண்டாவும் அகப்பையும்தான் வாழ்க்கை. எங்கள் மையத்தில் 120 பிள்ளைகள். சோறு, சாம்பார், முட்டை. வயிறு நிறையப் போட்டோம், அதில் எனக்குக் குறையே இல்லை. ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: “டீச்சர், நீங்க தோசை போட மாட்டீங்களா?”

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தலைக்கு இரண்டு என்றால் 240 தோசை. வீட்டுக் கல்லில் ஒரு தோசைக்கு இரண்டரை நிமிஷம். மொத்தம் பத்து மணி நேரம். பள்ளிக்கூடத்தில் முடியாத காரியம். 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றுதான் பட்டியல் இருக்கிறது. அது சரியான பட்டியல். அண்டாவில் கிண்டக்கூடியதைத்தான் நூற்றுக்கணக்கான பேருக்கு நேரத்துக்குக் கொடுக்க முடியும்.

ஆனால் சொந்தபந்தம் கூடும் இடத்தில் நூற்றுக்கணக்கான பேர் இல்லை. நாற்பது பேர், அறுபது பேர். அதற்கு ஒரு கல் போதும்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்துச் சனம் எங்கிருந்தாலும் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி வந்துவிடும். சென்னை, திருப்பூர், மும்பை என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் முதல் நாளே வந்து கோயில் வளாகத்தில் தங்குவார்கள். எங்கள் சாஸ்தா தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறார். செம்மண், பனை, கொல்லாமரம். உத்திரத்தன்று பொங்கல், மதியச் சாப்பாடு எல்லாம் விமரிசையாக நடக்கும். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடுதான் பாவம். டவுனிலிருந்து பொட்டலம் கட்டி வந்த இட்லி, பிளாஸ்டிக் பையில் ஆறிப்போன சாம்பார். ஆளுக்கொரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தின்றுவிட்டுப் படுத்துவிடுவோம். வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிற சனம், அந்த ராத்திரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூங்கிப்போவதை நினைத்தால் எனக்கு மனசே ஆறாது.

அதனால்தான் கல் வாங்கினேன். முதலில் வாங்கியது தப்பான கல். பாத்திரக் கடையில் மூன்றடிக்கு இரண்டடி, பார்க்கப் பெரிதாக, ஒரே ஆள் தூக்கும்படி லேசாக இருந்தது. நான்கு எம்எம் தகடு. நடுவில் ஒரு வட்டப் பர்னரை வைத்துப் பற்றவைத்த பத்தாவது நிமிஷத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம். நடுப்பகுதி சூடேறி விரிய, ஓரம் குளிர்ந்தே கிடக்க, தகடு குழிந்துவிட்டது. ஊற்றிய எண்ணெயெல்லாம் நடுவில் குளம். நடுவில் ஊற்றிய தோசை கரிந்தது, மூலையில் ஊற்றியது வெள்ளையாக அவிந்தது.

கல் வாங்கப் போகிறவர்கள் நீள அகலத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது கனம். தோசை மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது கல்லின் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். ஆறு தோசையை ஒரே நேரத்தில் ஊற்றினால் கல் சட்டென்று குளிரும். கனத்த கல் தன்னிடம் சேர்த்து வைத்த சூட்டிலிருந்து கொடுத்துத் தாங்கும். கனம் பாதியாக இருந்தால் சூடு இரண்டு மடங்கு இறங்கும், அடுத்த ஈடு தோசை எழும்பாது, கல்லைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒற்றைத் தோசை சுடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வரிசையில் நாற்பது பேர் தட்டோடு நிற்கும்போது தெரியும்.

சாத்தான்குளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் போனேன். “பத்து எம்எம் போடுக்கா. அதுக்குக் கீழ போகாத” என்றான். மூன்றடிக்கு இரண்டடி, பத்து எம்எம் தகடு ஏறக்குறைய 44 கிலோ வரும். இரண்டு பேர் தூக்க வேண்டும், அதற்குப் பக்கத்துக்கொரு கைப்பிடி. இதைவிடப் பெரிதாக, நாலடிக்கு மூன்றடி என்று ஆசைப்படாதீர்கள். அது 85 கிலோவைத் தாண்டும், தூக்க நாலு பேர் வேண்டும், கடைசியில் வெளியே எடுக்க ஆளில்லாமல் அறையிலேயே துருப்பிடிக்கும். நூறு பேர் கூடும் குடும்பம் என்றால் மூன்றுக்கு இரண்டில் இரண்டு கல் வாங்குவதே புத்தி.

தகட்டின் மேல் கருநீலமாக ஒரு தோல் இருக்கும். அதைக் கிரைண்டரால் முழுக்கத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்படி வாங்க வேண்டும். ஓரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு விளிம்பு கட்டச் சொல்லுங்கள். அதை முழு நீளத்துக்கும் வெல்டிங் அடித்தால் தகடு இழுத்துக்கொள்ளும், அங்கங்கே பொட்டு வைத்தால் போதும். துத்தநாகம் பூசிய தகட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். புளித்த மாவு பட்டால் அந்தப் பூச்சு கரைந்து சாப்பாட்டில் சேரும். எவர்சில்வர் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் சூடு பரவாது, தீ படும் இடம் மட்டும் கரியும். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். திறந்தவெளித் தீயில் அந்தக் கணக்கை யார் பார்த்துக்கொண்டிருப்பது? வார்ப்பிரும்பு அருமையான பொருள்தான், வீட்டுக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் வண்டியில் ஏற்றி இறக்கும் கல்லுக்கு அது ஆகாது. எங்கள் ஆச்சியின் வார்ப்புக் கல், காய்ந்திருந்த நேரத்தில் ஒரு செம்புப் பச்சைத் தண்ணீர் பட்டதும் பிறைநிலா மாதிரி விரிசல் விட்டது. ஐம்பது வருஷம் பழகிய கல். ஆச்சி ஒரு வாரம் தோசையே சுடவில்லை.

பர்னர் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். கல்லைச் சூடாக்கி, மேலே கொஞ்சம் ரவையைப் பரவலாகத் தூவுங்கள். எங்கே முதலில் சிவக்கிறது, எங்கே வெள்ளையாகவே கிடக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும். நீளவாக்கில் இரண்டு வரிசைப் பர்னர் இருந்தால் ஓரளவு சமமாகச் சிவக்கும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ, நீலநிறக் கடைச் சிலிண்டரில் 19 கிலோ. பெரிய தீயில் எரிவாயு வேகமாகப் போகும்போது சிலிண்டர் வேர்த்துக் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, தீ சிறுத்துவிடும். பந்தி பாதியில் நிற்கும். பெரிய சிலிண்டர் அதைக் கூடுதல் நேரம் தாங்கும். விறகு என்றால் உடை விறகு கங்கு பிடித்து நிற்கும். பனைமட்டை குபீரென்று எரிந்து அடங்கிவிடும், பற்றவைக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

முதல் வருஷம் தேரி மணலில் ஸ்டாண்டை நிறுத்தினோம். 44 கிலோ கல்லும் சூடும் சேர்ந்து ஒரு பக்கத்துக் கால் மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கியது. ஊற்றிய மாவு வட்டமாக நிற்காமல் மேற்கே ஓடியது. மைனிதான் முதலில் பார்த்தார்கள். “ஏல, கல்லு சரியுது, செங்கல் எடுத்துட்டு வா” என்று போட்ட சத்தத்தில் பையன்கள் ஓடினார்கள். இப்போது ஒவ்வொரு காலுக்கும் கீழே பனந்தடித் துண்டு வைக்கிறோம். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கல்லின் நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்த வேண்டும். தீயைக் காக்க மட்டும் இல்லை, தேரி மணல் மாவில் விழாமல் இருக்கவும்தான்.

அடுப்புக்கு மேலே ஓலைப் பந்தலோ துணிப் பந்தலோ இருக்கவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அன்று நான் பணியில் இருந்தவள். அடுப்புக்கு மேல் ஓலையைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில்தான் தங்கும். பிள்ளைகள் ஓடி விளையாடும் பாதையில் குழாய் கிடக்கவும் கூடாது.

புதுக் கல்லைப் பழக்குவது ஒரு மாத வேலை. வடிகஞ்சியில் சாக்கை நனைத்து மூன்று நாள் மூடி வைத்து, நாரால் தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு அடுப்பில் ஏற்றி, மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகைய விட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவ வேண்டும். ஏழெட்டுத் தரம் செய்தால் எண்ணெய் இரும்பிலேயே இறுகிக் கருப்பாகப் படியும். பார்க்க மினுமினுவென்று, தொட்டால் பிசுக்கில்லாமல் இருந்தால் கல் பழகிவிட்டது என்று அர்த்தம். நேரமில்லையென்று எண்ணெயை ஒரேயடியாகக் கொட்டினால் பிசின் மாதிரி ஒட்டும்.

சூடு பார்க்கத் தண்ணீர் தெளிப்பது எல்லோருக்கும் தெரியும். சுள்ளென்று பொரிந்து மறைந்தால் சரியான சூடு. முத்துப்போல் உருண்டு ஓடினால் கல் மிஞ்சிக் காய்ந்திருக்கிறது, மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். அப்போது தீயைக் குறைத்து, தண்ணீரை லேசாகத் தெளித்து, ஈர்க்குமாற்றால் ஒரு பெருக்குப் பெருக்கி, பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து ஊற்ற வேண்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் இந்தப் பெருக்கலையும் தேய்த்தலையும் விடக் கூடாது.

எங்கள் கல்லில் ஒரு ஈட்டுக்கு ஆறு தோசை. மணிக்கு நூறு தோசைக்குக் குறையாமல் வரும். ஒரு கிலோ அரிசி போட்டு அரைத்த மாவு முப்பது தோசை காணும் என்பது எங்கள் அளவு. முதலில் தோசை, பிறகுதான் சப்பாத்தி. மாற்றிச் செய்தால் சப்பாத்தியின் காய்ந்த மாவு கரிந்து கல்லின் எண்ணெய்ப் பதத்தைக் கெடுத்துவிடும். வேறு நாளில் வேறு இடத்தில் முட்டைத் தோசை போடுவதென்றால், சைவம் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் கை கழுவிய பிறகுதான் முட்டை கல்லில் விழ வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

அண்டாச் சமையல் மறைவில் நடக்கும், பந்தியில் எல்லோருக்கும் ஒன்றாக விழும். தோசையை ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் சுட முடியும். “பெரியம்மா, உங்களுக்கு எப்படி வேணும்?” என்று கேட்டால், பல்லில்லாத பெரியம்மா “மெத்துனு ஊத்து, எண்ணெ வேண்டாம்” என்பார்கள். மும்பையில் பிறந்த பேரன் முறுகல் கேட்பான். அது வேகும் இரண்டு மூன்று நிமிஷம் அவர்கள் கல்லைச் சுற்றி நின்றுதான் ஆக வேண்டும். நிற்கிற இடத்தில் பேச்சு வரும். பத்து வருஷமாகப் பேசாத இரண்டு மச்சான்மார் எங்கள் கல்லுக்கு எதிரெதிரே தட்டோடு நின்றதையும், ஒருவர் தன் தோசையைத் திருப்பிப் போடச் சொல்லி மற்றவரைக் கேட்டதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சத்துணவுக் கூடத்தில் நான் கேட்க முடியாத கேள்வியை இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்.

வேலை முடிந்ததும் சூடு இருக்கும்போதே சுரண்டித் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். சோப்பு வேண்டாம்.

தகடு, ஸ்டாண்ட், பர்னர் எல்லாம் சேர்த்து எங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. எங்கள் வகையறா 24 தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு 400 ரூபாய். அண்டாவுக்கும் ஜமுக்காளத்துக்கும் வரி போட்ட ஊர்க் கூட்டத்தில் தோசைக்கல்லுக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். வருகிற பங்குனிக்கு வேண்டுமென்றால் மார்கழியிலேயே தகடு எடுத்துவிட வேண்டும். தையில் பழக்கத் தொடங்கினால் உத்திரத்துக்குள் கல் வாகாகிவிடும்.