முதல் சீசன் கணக்கை வைத்து ஆளை எடைபோடலாமா?

2025 ஜூலை 6ஆம் தேதி, நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில், நடப்புச் சாம்பியனான திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை முதன்முறையாக வென்றது திருப்பூர் தமிழன்ஸ். கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் சாய் கிஷோர். அதே ஆண்டு ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸுக்காக 15 ஆட்டங்களில் 19 விக்கெட் எடுத்திருந்தார். இவரது ஐபிஎல் வரலாற்றின் முதல் இரண்டு வரிகள் வெற்று வரிகள். 2020, 2021 ஆகிய இரு சீசன்களிலும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் இருந்தார். ஒரு பந்துகூட வீசவில்லை. பிறகு குஜராத்தில் 2022இல் ஐந்து ஆட்டம், 2023இல் மறுபடியும் ஒன்றுமில்லை. 2023-24 ரஞ்சி சீசனில் நாட்டிலேயே அதிகமாக 53 விக்கெட் எடுத்து, தமிழ்நாட்டையும் வழிநடத்தியவருக்கு ஐபிஎல்லில் முழு சீசன் கிடைக்க ஆறாவது ஆண்டு வரை ஆகியிருக்கிறது. திருப்பூர்க்காரர்கள் கொண்டாடிய அந்தக் கேப்டனை 2021இல் யாராவது ‘தேறாத கேஸ்’ என்று எழுதியிருந்தால், புள்ளிவிவரத்தைக் காட்டி மறுத்திருக்க முடியாது.

தொழில்முறை விளையாட்டில் புதிதாகக் காலெடுத்து வைக்கும் இளைஞரின் முதல் ஆண்டு, அவருடைய திறமையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. ஆனால் நமது லீக் கிரிக்கெட்டின் ஒப்பந்த முறை அந்த முதல் ஆண்டைத்தான் தீர்ப்பு நாளாக வைத்திருக்கிறது. ரசிகர்களின் பொறுமையின்மையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். சமூக ஊடகத்தில் கேலிப்படம் போடுகிறவரைத் திருத்துவது எவராலும் ஆகிற காரியமில்லை. ஒப்பந்தத்தைத் திருத்த முடியும். பேச வேண்டியது அதைத்தான்.

முதல் ஆண்டு ஏன் இடறுகிறது? டிஎன்பிஎல்லில் எட்டு அணிகள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஏழு ஆட்டம். அங்கே ஒரு மாதம் ஜொலித்த பையன் அடுத்த ஏலத்தில் கோடிகளுக்குப் போகிறான். ஐபிஎல்லில் அவன் எதிர்கொள்ளும் முதல் வித்தியாசம் வேகமோ கூட்டமோ இல்லை, எதிரணியின் கணினி. அவன் எந்தப் பந்தை எந்த விரலில் விடுகிறான், ஷார்ட் பாலுக்கு எந்தக் காலைப் பின்வாங்குகிறான் என்பதெல்லாம் அவன் மைதானத்தில் இறங்கும் முன்பே வெட்டித் தொகுத்த வீடியோவாக எதிரணிக் கேப்டனின் கைக்குப் போய்விடுகிறது. உள்ளூரில் ஓவருக்கு ஒன்றிரண்டு தவறு மன்னிக்கப்பட்டுவிடும். இங்கே கால் அடி குறைந்த யார்க்கர் சிக்ஸராகிறது. புதியவர் தன் ஆட்டத்தை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும், அதுவும் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே. இதற்கு அவருக்குக் கிடைப்பது எவ்வளவு? ஆறு ஆட்டம் ஆடும் பந்துவீச்சாளருக்கு அதிகபட்சம் 24 ஓவர். ஆறாவது இடத்தில் இறங்கும் மட்டையாளருக்கு ஆட்டத்துக்குப் பத்துப் பந்து கிடைத்தால் பெரிது, அதிலும் முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்க வேண்டிய கட்டாயத்தோடு. இவ்வளவு சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு எந்தப் புள்ளியியலாளரும் முடிவுக்கு வரமாட்டார். அணி நிர்வாகங்கள் வருகின்றன.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். சீசன் முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018இலும் 2019இலும் ஓர் ஆட்டம்கூட ஆடவிடவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அணி அது. 2020இல் நடராஜன் களமிறங்கியபோது 16 விக்கெட். கடைசி ஓவர்களில் யார்க்கருக்குமேல் யார்க்கர். அதே ஆண்டு டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம், பிறகு டி20, ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகம். வருண் சக்கரவர்த்தியின் கதை இன்னும் கூர்மையானது. 2018 டிஎன்பிஎல்லில் மதுரை பாந்தர்ஸுக்காக அசத்தியவரை, அடிப்படை விலை 20 லட்சத்திலிருந்து 8.4 கோடி வரை ஏற்றி வாங்கியது பஞ்சாப். 2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ்: முதல் ஓவரிலேயே சுனில் நரைன் தாக்க 25 ரன் போனது. மூன்று ஓவரில் 35 ரன், ஒரு விக்கெட். விரல் காயமும் சேர்ந்துகொள்ள அந்த சீசனே அத்துடன் முடிந்தது. ஆண்டு இறுதியில் விடுவித்துவிட்டார்கள். கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது, 2020இல் 17 விக்கெட் கிடைத்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 2022. அந்த ஆண்டு வருண் 11 ஆட்டத்தில் ஆறே விக்கெட். அதற்கு முன் 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்தில் ஒன்றுமில்லை. கைவிட எல்லாக் காரணமும் இருந்தபோது கொல்கத்தா கைவிடவில்லை. 2023இல் 20 விக்கெட், 2024இல் 21 விக்கெட்டோடு கோப்பை, 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்றொரு இடம் உண்டு. ஓடிப்போய், தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிக்கிறவர். கேட்க எளிது. கல்லூரி அணியில் அவர் தடையில்லாமல் ஓடித் தொடங்கியிருப்பார். தொழில்முறை லீக்கில் எதிரணித் தடுப்பாளர் முதல் ஐந்து கெஜத்துக்குள் நெஞ்சில் கைவைத்து ஓட்டத்தின் தாளத்தையே குலைத்துவிடுவார். ஓடுகிற பாதையை எதிரணியின் அமைப்பைப் பார்த்து நடுவழியில் மாற்ற வேண்டும். எறிகிறவரும் அதே நொடியில் அதையே படித்திருக்க வேண்டும், ஏனென்றால் பிடிப்பவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். இந்தப் பொருத்தம் கைகூட நாளாகும். ரிசீவருக்கு மூன்றாவது ஆண்டில்தான் விடிவு என்று அங்கே ஒரு வழக்குப் பேச்சே இருந்தது. தாவான்டே ஆடம்ஸ் 2014இல் முதல் ஆண்டில் பந்தைப் பிடித்து முன்னேறியது 446 கெஜம். இரண்டாம் ஆண்டில் 483 கெஜம், வசவு வேறு. மூன்றாம் ஆண்டில் 997 கெஜம், 12 டச்டவுன். பிறகு அந்த லீக்கின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவர். அந்த வசவுக் காலத்தில் அவரைக் காப்பாற்றியதில் ஒப்பந்தத்துக்கும் பங்குண்டு. அங்கே டிராஃப்ட் முறையில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், தேர்வாகும் புதியவர்கள் கையெழுத்திடுவது நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில். முதல் சுற்றில் தேர்வானவருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதிக்கு உத்தரவாதமும் இருக்கிறது. கடைசிச் சுற்றுகளில் வந்தவரை அணிகள் தயங்காமல் வெட்டிவிடும், அது வேறு கதை. ஆனாலும் கொடுக்க வேண்டிய பணம் கணக்கில் நிற்கும்போது பொறுமை தானாக வந்துவிடுகிறது. ஐபிஎல்லில் ஒவ்வோர் ஆண்டும் ஏலத்துக்கு முன் தக்கவைக்கப்படுவோர், விடுவிக்கப்படுவோர் பட்டியல் வருகிறது; அதில் ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது.

உடனே ஒரு மறுப்பு வரும்: திறமை உள்ளவன் முதல் நாளிலேயே காட்டிவிடுவான். வைபவ் சூர்யவன்ஷி 14 வயதில், 2025 ஏப்ரல் 28 அன்று, 35 பந்தில் சதமடிக்கவில்லையா? அமெரிக்காவில் ஐந்தாம் சுற்றில் தேர்வான புகா நகுவா 2023இல் முதல் ஆண்டிலேயே 1,486 கெஜம் எடுத்துச் சாதனை படைக்கவில்லையா? உண்மைதான். ரிசீவருக்கு மூன்று ஆண்டு என்ற அந்தப் பழைய கணக்கை நகுவா போன்றவர்கள் உடைத்திருக்கிறார்கள். ஆனால் அபூர்வங்களை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லாருமே குறைந்து தெரிவார்கள். நம் பக்கத்தில் ‘வந்த அன்றே வென்றவர்’ என்று சொல்லப்படும் சாய் சுதர்சனையே எடுத்துக்கொள்வோம். ஐபிஎல்லில் 2022இல் ஐந்து ஆட்டம், 145 ரன். 2023இல் எட்டு ஆட்டம், 362 ரன், இறுதி ஆட்டத்தின் 96 உட்பட. 2024இல் 527. 2025இல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி. ஒரே அணியில், படிப்படியாக ஏறிய கணக்கு இது; வெடித்துக் கிளம்பிய கணக்கு இல்லை. அவரே 2025 ஜூனில் லீட்ஸில் முதல் டெஸ்ட் ஆடியபோது முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், அடுத்ததில் 30. அடுத்த இரண்டு டெஸ்டில் வெளியே. மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. படி மாறும்போதெல்லாம் கால் இடறத்தான் செய்கிறது.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது, இதை லேசாகத் தள்ள முடியாது. கோடிக்கணக்கில் கொடுக்கிற முதலாளி பலனை எதிர்பார்ப்பதில் என்ன தவறு? தவறில்லை. ஆனால் அந்த விலையை நிர்ணயித்தது யார்? ஏல மேசையில் அணிகள் போட்டி போட்டுக் கை தூக்கியதால் 20 லட்சம் 8.4 கோடியானது. விலை ஏறியது வாங்குகிறவர்களின் அவசரத்தில், அதன் சுமையை முதல் ஓவரிலிருந்தே தலையில் சுமந்தது 27 வயதுப் பையன். முதலீட்டுக் கணக்காகப் பார்த்தாலும் பஞ்சாப் செய்தது நட்ட வியாபாரம். நடராஜன், வருண் இருவரையும் கண்டெடுத்து ஏலத்தில் பெரிய விலை கொடுத்தது அந்த அணி. அறுவடை செய்தவர்கள் ஹைதராபாத்தும் கொல்கத்தாவும். பனியன் கம்பெனி நடத்துகிற யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. கைமடி உதவியாளாக வந்த பெண்ணை ஓவர்லாக் மெஷினில் உட்காரவைத்து, கொஞ்ச நாள் பீஸ் வீணாவதைப் பொறுத்து, கை ஓடத் தொடங்குகிற நேரத்தில் பக்கத்து கம்பெனிக்கு அனுப்பிவைக்கிற முதலாளி திருப்பூரில் நீடித்திருக்க மாட்டார்.

பொறுமை என்ற பெயரில் தகுதியில்லாதவரை வைத்துக்கொண்டே இருப்பார்களே என்பது அடுத்த சந்தேகம். நடக்கும். சின்சினாட்டி அணி 2017இல் ஒன்பதாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த ஜான் ராஸ் என்ற ரிசீவர் முதல் ஆண்டில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. நான்கு ஆண்டு காத்திருந்தும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. காத்திருப்பு வெற்றிக்கு உத்தரவாதம் தராது. அது தருவது, சரியான ஆளைத் தவறான காரணத்துக்காகத் தள்ளிவிடாமல் இருக்கும் வாய்ப்பு. ராஜஸ்தான் ராயல்ஸ் ரியான் பராக்கை 2019 முதல் வைத்திருந்தபோது இணையத்தில் அவர் பெயரே நகைச்சுவையாக இருந்தது. 2023இல் ஏழு ஆட்டத்தில் 78 ரன் எடுத்தவர், அடுத்த ஆண்டு 573 எடுத்தார். அந்த ஐந்து ஆண்டும் வீண் என்று 2023 முடிவில் சொன்னவர்களின் வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் இதில் உறுத்துகிற விஷயம்.

நீண்ட ஒப்பந்தத்துக்கு எதிரான வலுவான வாதத்தை யாரும் பொதுவாகச் சொல்வதில்லை. அது ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்து வர வேண்டியது. நீண்ட ஒப்பந்தம் பாதுகாக்கவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும். சாய் சுதர்சன் 2022, 2023, 2024 மூன்று சீசனும் குஜராத்துக்கு ஆடியது 20 லட்சம் ரூபாய்ச் சம்பளத்துக்கு. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அவருக்குக் கொடுத்த விலையே 21.6 லட்சம்! கொங்கு மண்டலத்துக்கு இந்த ஆபத்து இன்னும் கசப்பாகத் தெரியும். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டு வேலைக்கு எடுத்து, திருமணத்துக்கு உதவும் என்று ஒரு தொகையைக் கடைசியில் தருவதாகச் சொன்ன வழக்கம் இங்கேதான் இருந்தது. அந்தப் பெண்களின் பாட்டையும் கிரிக்கெட் ஆட்டக்காரரின் நிலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ‘பல ஆண்டு ஒப்பந்தம்’ என்று கேட்டதும் யாருக்குப் பாதுகாப்பு என்று முதலில் விசாரிக்கும் பழக்கம் இந்தப் பகுதிக்கு இருந்தாக வேண்டும்.

ஆகவே வேண்டியது, அணியை மட்டும் கட்டுப்படுத்துகிற உத்தரவாதம். இந்தியாவுக்கு ஆடாத இளைஞரை முதன்முறையாக ஏலத்தில் எடுக்கும் அணி, இரண்டாவது சீசன் சம்பளத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். விடுவிக்கலாம், ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான். முதல் சீசனில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு இரண்டாம் சீசன் சம்பளம் தானாக உயர வேண்டும். அமெரிக்க லீக்கில் பிந்தைய சுற்றுகளில் தேர்வானவர்களுக்கு, நான்காம் ஆண்டுச் சம்பளத்தில், இதைப் போன்றோர் ஏற்பாடு இருக்கிறது. இதனால் அணிகள் ஏலத்தில் கொஞ்சம் நிதானமாகக் கை தூக்கும், முதல் விலைகள் ஓரளவு குறையும். அதில் இழப்பு என்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கிடுகிடுவென ஏறிய விலைதான் பல முதல் சீசன்களைக் கெடுத்தது.

டிஎன்பிஎல்லுக்கும் இதில் வேலை இருக்கிறது. திருப்பூரின் 2025 வெற்றியில் 488 ரன்னோடு தொடரிலேயே முதலிடம் பிடித்த துஷார் ரஹேஜாவும், இறுதி ஆட்டத்தில் அவரோடு அரைசதம் அடித்த அமித் சாத்விக்கும் இனி பெரிய மேடைகளுக்குப் போகக்கூடும். போனால் அங்கே முதல் ஆண்டில் இடறவும் கூடும். ஏழு லீக் ஆட்டங்கள் என்பதைப் பத்து, பன்னிரண்டாக்கினால் அவர்கள் இங்கேயே இன்னும் சில தவறுகளைச் செய்து முடித்துவிட்டுப் போகலாம். ஐபிஎல் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, ஆடுகிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 7.5 லட்சம் ரூபாய் தனிக் கட்டணம் என்ற விதியை 2024 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் அறிவித்து, அடுத்த சீசனிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கட்டணம் களமிறங்குகிறவருக்கு. சாய் கிஷோர் சென்னையில் உட்கார்ந்திருந்ததைப் போல உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதில் எதுவும் இல்லை. இரண்டாம் சீசன் உத்தரவாதத்தை அதே ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாகச் சேர்க்க, அடுத்த பெரிய ஏலம் வரை ஆட்சிக் குழு காத்திருக்கத் தேவையில்லை.