வட துருவம் வழியா நியூயார்க்!

ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல உள்ள தூரத்தை 900-ஆல வகுத்து, 'இத்தனை மணி நேரம் மச்சி'ன்னு சொல்ற ஆசாமி ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் உண்டு. இந்த வாரம் அவருக்காக சிங்கப்பூர் சாங்கி டு நியூயார்க் கென்னடி. 2020 நவம்பர்ல ஆரம்பிச்சப்போ உலகத்துலயே நீளமான நான்-ஸ்டாப் ரூட் இதுதான்.

தூரத்தை நாமே போடலாம், கூகுள் வேண்டாம். சாங்கி பூமத்திய ரேகைக்கு 1.4 டிகிரி வடக்கே, கென்னடி 40.6 டிகிரி. தீர்க்கரேகையில ரெண்டுக்கும் 178 டிகிரி வித்தியாசம். அதாவது, உருண்டையில கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அதனால குறுக்குவழி வட துருவத்தை உரசிக்கிட்டுப் போகுது! சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4, ஆக 138 டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ. வெச்சா 15,300 கி.மீ. சொச்சம். அட்லஸ்ல ஸ்கேல் வெச்சு கோடு போட்டவங்க மன்னிக்கணும்.

900-ஆல வகுத்தா 17 மணி நேரம்தான். ஆனா டைம்டேபிள்ல 18 மணியைத் தாண்டும். விமானம் தினமும் துருவத்தைத் தொட்டுட்டுப் போறதில்ல, காத்து சொல்ற வழியில போகும். உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கே ஓடுற ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்துல மணிக்கு 200 கி.மீ.யைச் சர்வசாதாரணமா தாண்டும். நியூயார்க் போறப்ப பெரும்பாலும் பசிபிக் மேல சுத்திப்போய் அதை முதுகுல வாங்கிப்பாங்க. தூரம் கூடும், நேரம் குறையும். பார்முலா ஆசாமி இங்கேதான் அவுட்!

அசல் தலைவலி எரிபொருள். ஏ350-900 யூ.எல்.ஆர். விமானத்துல 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடை சுமார் 130 டன். டேக்-ஆஃப் எடையே அதிகபட்சம் 280 டன்தான். அதாவது, கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைத் தூக்கிட்டுப் போகவே மத்த மணி நேரமெல்லாம் எரிபொருள் எரியுது. 2004-ல நியூயார்க்குக்குப் பக்கத்துல இருக்கிற நெவார்க்குக்கு நாலு இன்ஜின் ஏ340-500 விட்டாங்க. எரிபொருள் விலையில கட்டுப்படியாகாம 2013-ல மூடிட்டாங்க. ரெண்டு இன்ஜின் விமானம் வந்த பிறகுதான், 2018-ல திரும்ப ஆரம்பிச்சது.

அப்பவும் சீட் 161தான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி? ஒண்ணுகூட இல்ல! எடையைக் குறைக்க முதல்ல கழட்டிவிட்டது நம்ம கிளாஸைத்தான். ஆனா இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல பாஸ். நடுவுல இறங்கி எரிபொருள் நிரப்புற விமானம் இந்த வெட்டிச் சுமையைத் தூக்கறதில்ல. கூட நாலஞ்சு மணி நேரம் ஆகும், காலை நீட்டி நடக்கலாம். எம்.எஸ். போற சீனியர்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

ஆங், நான்-ஸ்டாப்ல ஒரு ஜாலி இருக்கு. கோடையில நியூயார்க் 12 மணி நேரம் பின்னாடி. சிங்கப்பூர்ல மதியம் 12-க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தா, இறங்கறது அதே தேதி சாயங்காலம் ஆறரை. திரும்பி வரும்போது வட்டியோட பிடுங்கிடுவாங்க. திங்கள் ராத்திரி பத்தரைக்கு ஏறினா, இறங்கறப்ப புதன்கிழமை விடியற்காலை!